இரவில் கணிப்பொறி கேட்கும் கேள்வி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்தால் சேரப்பணஞ்சேரி வரும். இன்னும் சற்றுத் தொலைவு சென்றால் ஒரகடம். விடியற்காலையில் இந்தச் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? பணியாளர்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வரிசையாகப் போகும். அவற்றுக்கு நடுவே உதிரிபாகங்களைச் சுமந்து லாரிகள் போகும். பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லரின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகள் பல எழுந்தன.

திருகாணி வரை ஒவ்வொன்றாக எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 உறுப்புகள் இருக்கும். இவ்வளவையும் மாதக்கணக்கில் வாங்கி அடுக்கி வைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆகையால், தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்னால் தேவையான அளவு மட்டும் வந்து சேரும்படி ஏற்பாடு செய்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஐந்து ரூபாய்ச் சுருள்வில் ஒன்று வந்து சேராவிட்டால் பல லட்ச ரூபாய் வேலை நின்றுவிடும்.

அப்படியானால், காலை ஆறு மணி ஷிப்டு தொடங்கும் முன்பே, எந்தப் பொருள் குறைகிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வது யார்? இரவு பத்து மணிக்குக் கேட்பாரற்ற அறையில் விழித்திருக்கும் கணிப்பொறிதான். அது தனக்குத் தானே ஒரு கேள்வி கேட்டு, தானே விடை கண்டு, தாளில் அச்சிட்டு வைத்துவிடுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

நமது கற்பனைத் தொழிற்சாலை

சேரப்பணஞ்சேரியில் கார் இருக்கைகள் செய்யும் ஒரு தொழிற்சாலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கிடங்கில் ஆறே பொருள்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளுக்கும் ‘இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது’ என்று ஓர் எல்லை உண்டு. அதைக் குறைமட்டம் என்போம். கிடங்குப் பதிவேடு இதோ:

எண் 101, பஞ்சு மெத்தை: கையிருப்பு 400, குறைமட்டம் 250
எண் 102, உறைத் துணி: கையிருப்பு 90, குறைமட்டம் 300
எண் 103, போல்ட்: கையிருப்பு 1200, குறைமட்டம் 1000
எண் 104, சுருள்வில்: கையிருப்பு (எழுதப்படவில்லை), குறைமட்டம் 150
எண் 105, நகர்வுச் சட்டம்: கையிருப்பு 60, குறைமட்டம் 60
எண் 106, பெல்ட் கொக்கி: கையிருப்பு 35, குறைமட்டம் 80

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நமக்குத் தேவைப்படும். 104-ஆம் எண்ணுக்கு எதிரே ஏன் வெற்றிடம் என்று கேட்கிறீர்களா? அன்றைக்குத்தான் புதிய சுருள்வில் பெட்டி வந்தது. கிடங்குக்காரர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. இந்தச் சின்ன வெற்றிடம் பின்னால் நம்மைப் பெரிய தொல்லைக்கு ஆளாக்கப் போகிறது.

நடுத்தரக் கணிப்பொறி

கணிப்பொறிகளில் ஒரு காலத்தில் மூன்று அளவுகள் இருந்தன எனலாம். பெரிய வங்கிகளும் அரசுத் துறைகளும் வைத்திருந்தவை பெருங்கணிப்பொறிகள். மேசைமேல் வைத்து ஒருவர் பயன்படுத்துவது தனியாள் கணிப்பொறி. இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தரக் கணிப்பொறி. ஒரு தொழிற்சாலையில் பல பேர் ஒரே நேரத்தில் அதில் வேலை செய்யலாம். ஆனால் அதைப் பேணுவதற்குப் பெரும் படை தேவையில்லை.

இவ்வகையில் புகழ்பெற்றது ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்./400. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரில் உருவான இது, 1988-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் அறிமுகமாயிற்று. இதன் முன்னோடி 1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38. அதே 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. 1992-இல் டாடா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. ஏ.எஸ்./400-க்குப் பின்னாளில் ஐசீரீஸ், சிஸ்டம் ஐ என்று பெயர்கள் மாறின. 2008 முதல் அதன் இயக்க அமைப்பு ‘ஐ.பி.எம். ஐ’ என்ற பெயரில் வழங்குகிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும், பழைய நிரல்கள் புதிய பொறியிலும் ஓடும்படி பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் உலகில் பல தொழிற்சாலைகளும் வங்கிகளும் இன்றும் இதைக் கைவிடவில்லை.

இக்கணிப்பொறியின் சிறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றக் கணிப்பொறிகளில் தகவல் தளம் என்பது தனியே வாங்கிச் சேர்க்கும் ஒரு பொருள். இதிலோ அது இயக்க அமைப்புக்குள்ளேயே பிறவியிலேயே அமைந்திருக்கிறது. நமது கிடங்குப் பதிவேட்டை அதில் ஒரு கோப்பாக வைத்தால், ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. ஒவ்வொரு பத்தியும் ஒரு புலம்.

‘எப்படி’ வேண்டாம், ‘எது’ போதும்

பதிவேட்டில் குறைவான பொருளைக் கண்டுபிடிக்க முற்காலத்தில் நிரல் எழுதுவோர் என்ன செய்தார்கள்? ‘முதல் பதிவை எடு. கையிருப்பைப் பார். குறைமட்டத்தோடு ஒப்பிடு. அடுத்த பதிவுக்குப் போ’ என்று ஒவ்வோர் அடியையும் எழுதிக் கொடுத்தார்கள்.

1970-இல் எட்கர் காட் என்னும் அறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். இங்கிலாந்தில் பிறந்த இவர், கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர், கணிதம் கற்றவர். தகவல்களை எல்லாம் எளிய அட்டவணைகளாக வையுங்கள். கணங்களைப் பற்றிய கணிதத்தைக் கொண்டு அவற்றிலிருந்து வேண்டியதைப் பெறலாம் என்றார். நீங்கள் பள்ளியில் படிக்கும் கணங்கள், சேர்ப்பு, வெட்டு எல்லாம் இங்கே உயிரோடு உலவுகின்றன! இப்பணிக்காக 1981-இல் அவருக்கு டியூரிங் பரிசு கிடைத்தது.

காட்டின் கருத்தைச் சாதாரண மக்களும் கையாளும்படி ஒரு மொழியாக்கியவர்கள் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட மொழிக்குச் சீக்வெல் என்று பெயர். பாய்ஸ் அதே ஆண்டில் இளம் வயதிலேயே காலமானார். சீக்வெல் என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்ததால், பிறகு எஸ்.க்யூ.எல். என்று சுருக்கினார்கள்.

மளிகைக் கடையில் போய் ‘இரண்டு கிலோ துவரம்பருப்பு’ என்று கேட்கிறீர்கள். எந்த அலமாரியில், எத்தனையாவது டப்பாவில் இருக்கிறது என்றா சொல்கிறீர்கள்? அது கடைக்காரர் பாடு. எஸ்.க்யூ.எல். அப்படிப்பட்ட மொழி. எது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். நமது கேள்வி இப்படி அமையும். (உண்மையில் இதை ரோமன் எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே உங்கள் வசதிக்காகத் தமிழில் ஒலிபெயர்த்துத் தருகிறோம். பொருள்களுக்கும் தமிழ்ப் பெயரே இட்டிருக்கிறோம்.)

செலக்ட் எண், பெயர் ஃப்ரம் கிடங்கு வேர் கையிருப்பு < குறைமட்டம்

செலக்ட் என்றால் தேர்ந்தெடு. ஃப்ரம் என்றால் இதிலிருந்து. வேர் என்பது நிபந்தனை. ‘கிடங்குக் கோப்பில், கையிருப்பு குறைமட்டத்தைவிடக் குறைவாக உள்ள வரிகளின் எண்ணையும் பெயரையும் எடுத்துக் கொடு’ என்பது இதன் பொருள். உங்கள் தாளைப் பார்த்து விடை காணுங்கள். 102, 106 என்று வருகிறதல்லவா? 105-இல் இரண்டும் சமம். ஆகவே அது வராது.

கட்டளை மொழி

எஸ்.க்யூ.எல். கடையில் கேட்பது போல என்றோம். ஆனால் சமையலுக்குப் பொருள் மட்டும் போதாதே! முதலில் அடுப்பை மூட்டு, பிறகு நீரை வை, கொதித்ததும் பருப்பைப் போடு என்ற வரிசையும் வேண்டும். கணிப்பொறியில் அந்த வரிசையைச் சொல்வது சி.எல். எனப்படும் கட்டளை மொழி.

இம்மொழியின் சொற்களில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. முதல் மூன்று எழுத்துகள் பெரும்பாலும் வினையைக் குறிக்கும். சி.ஆர்.டி. என்றால் உண்டாக்கு. டி.எல்.டி. என்றால் அழி. டி.எஸ்.பி. என்றால் காட்டு. எஸ்.என்.டி. என்றால் அனுப்பு. இவற்றின் பின்னால் பொருளின் பெயரைச் சேர்த்தால் கட்டளை தயார். எஃப். என்பது கோப்பு. அப்படியானால் டி.எல்.டி.எஃப்.? ஆம், கோப்பை அழி! எம்.எஸ்.ஜி. என்பது செய்தி. எஸ்.என்.டி.எம்.எஸ்.ஜி. என்றால் செய்தி அனுப்பு. நாம் தமிழில் ‘கோப்பை அழி’ என்று வினையைக் கடைசியில் வைக்கிறோம். சி.எல். மொழியில் வினை முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இத்தகைய கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் அது ஒரு சி.எல். நிரல். தினமும் இரவு பத்து மணிக்கு அதை ஓட்டு என்று கால அட்டவணையில் பதிவு செய்துவிட்டால் போதும். பிறகு மனிதர் யாரும் விசையைத் தட்ட வேண்டியதில்லை.

இரண்டையும் இணைப்பது எப்படி?

இப்போது நமக்கு ஒரு சிக்கல். கேள்வி எஸ்.க்யூ.எல். மொழியில் இருக்கிறது. நேரமும் வரிசையும் சி.எல். மொழியில் இருக்கின்றன. ஒன்றுக்குள் மற்றொன்றை எப்படி வைப்பது? மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: எஸ்.க்யூ.எல். வாக்கியங்களை ஒரு மூலக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளி இட்டு வைப்பது. சி.எல். நிரலிலிருந்து ரன்எஸ்க்யூஎல்எஸ்டிஎம் என்ற கட்டளை கொடுத்தால், கணிப்பொறி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். எப்போதும் மாறாத வேலைகளுக்கு இது ஏற்றது.

இரண்டாம் வழி: கேள்வியை ‘வினவல்’ என்ற தனிப் பொருளாகச் செய்து சேமித்து வைப்பது. அதில் சில இடங்களைக் காலியாக விடலாம். ஓட்டும்போது அந்த இடங்களில் இன்ன பிரிவு, இன்ன தேதி என்று நிரப்பிக் கொடுக்கலாம். உங்கள் பள்ளி விடுப்பு விண்ணப்பப் படிவம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையைத் திரையிலோ, அச்சிலோ, வேறொரு கோப்பிலோ பெறலாம். இதற்கான கட்டளையின் பெயர் எஸ்.டி.ஆர்.க்யூ.எம்.க்யூ.ஆர்.ஒய்.; பெயர்தான் நீளம், வேலை எளிது.

மூன்றாம் வழி: ரன்எஸ்க்யூஎல் என்ற கட்டளைக்குள்ளேயே வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் எழுதிவிடுவது. 2010-களில் சேர்ந்த புதிய வசதி இது. நமது நிரலுக்கு இதையே எடுத்துக்கொள்வோம்.

உடனே ரன்எஸ்க்யூஎல் கட்டளைக்குள் நமது செலக்ட் கேள்வியை அப்படியே எழுதினால் என்ன ஆகும்? கணிப்பொறி மறுத்துவிடும்! ஏன்? சற்றுச் சிந்தியுங்கள். கிணற்றிலிருந்து நீரை இறைத்தால் அது ஓட ஒரு வாய்க்கால் வேண்டாமா? செலக்ட் என்பது விடையாகப் பல வரிகளை அள்ளித் தரும். அவற்றை வாங்கிக்கொள்ள இந்தக் கட்டளையில் இடம் இல்லை. ஆகவே நாமே ஒரு பாத்திரத்தை வைக்க வேண்டும். ‘இந்தக் கேள்வியின் விடையைக் கொண்டு ஒரு புதிய அட்டவணை உண்டாக்கு’ என்று கேள்வியை மாற்றி எழுத வேண்டும்.

அந்த அட்டவணையை எங்கே வைப்பது? அதற்கென்றே க்யூடெம்ப் என்னும் தற்காலிக நூலகம் இருக்கிறது. கணிப்பொறியில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி க்யூடெம்ப் உண்டு. ஒருவருடையதை மற்றவர் பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் அதில் உள்ளவை தாமாகவே மறைந்துவிடும். கணக்குப் போட்டதும் துடைத்துவிடும் சிலேட்டுப் பலகை போல.

நிரலைப் பார்ப்போம்

சேரப்பணஞ்சேரித் தொழிற்சாலையின் இரவு நிரல் செய்ய வேண்டியவை இவை:

1. க்யூடெம்ப் நூலகத்தில் ‘குறை’ என்ற பழைய அட்டவணை இருந்தால் அழி. இல்லையென்றால் பரவாயில்லை, மேலே செல்.
2. ரன்எஸ்க்யூஎல் கட்டளையால், குறைவான பொருள்களைக் கொண்டு ‘குறை’ என்ற புதிய அட்டவணையை உண்டாக்கு.
3. ‘குறை’யில் எத்தனை வரிகள் என்று எண்ணு.
4. ஒன்று முதலாக இருந்தால் அச்சிடு. ஒன்றும் இல்லாவிட்டால் அச்சிடாதே.

பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பள்ளங்கள் நான்கு மறைந்துள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பள்ளம்: மேற்கோள் குறி

உறைத் துணிப் பிரிவின் பொருள்களை மட்டும் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.க்யூ.எல். மொழியில் பிரிவு = 'துணி' என்று ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். ஆனால் முழு வாக்கியமுமே சி.எல். கட்டளையில் ஒற்றை மேற்கோளுக்குள் அல்லவா இருக்கிறது! ‘துணி’க்கு முன்னால் உள்ள குறியைக் கண்டதும், வாக்கியம் முடிந்துவிட்டது என்று சி.எல். நினைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு குறியையும் இரண்டு முறை எழுத வேண்டும்: பிரிவு = ''துணி''. இரண்டு குறி சேர்ந்து வந்தால், அது முடிவு அன்று, உள்ளே உள்ள ஒரு குறி என்று கணிப்பொறி புரிந்துகொள்ளும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. பிரிவின் பெயரை யாரோ ஒருவர் திரையில் தட்ட, அதை அப்படியே வாக்கியத்தில் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். அவர் தட்டியதில் ஒரு மேற்கோள் குறி இருந்தால், கேள்வியின் அமைப்பே மாறிவிடும். தெரியாமல் செய்தால் பிழை. வேண்டுமென்றே செய்தால் திருட்டு. எனவே வெளியிலிருந்து வரும் சொல்லைச் சோதிக்காமல் கேள்வியில் ஒட்டக்கூடாது.

இரண்டாம் பள்ளம்: உறுதிப்படுத்தல்

தகவலை மாற்றும் வேலைகளில் கணிப்பொறி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. மாற்றங்களை முதலில் பென்சிலால் எழுதுவது போல எழுதும். எல்லாம் நல்லபடி முடிந்ததும் மையால் உறுதி செய்யும். நடுவில் கோளாறு ஏற்பட்டால் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். இதற்குக் கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் ஜர்னல் என்ற நாட்குறிப்பு தேவை. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ரன்எஸ்க்யூஎல் இந்தப் பாதுகாப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். நாட்குறிப்பு இல்லாத கோப்பில் மாற்றம் செய்யச் சொன்னால் மறுத்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. நமது ‘குறை’ அட்டவணை வெறும் சிலேட்டுப் பலகைதான். ஆகவே ‘உறுதிப்படுத்தல் தேவையில்லை’ என்று கட்டளையில் சேர்த்து எழுதிவிடலாம். ஆனால் சம்பளக் கணக்கையோ கிடங்குக் கணக்கையோ மாற்றும் நிரலில் அப்படி எழுதும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

மூன்றாம் பள்ளம்: வெற்றிடம்

மீண்டும் உங்கள் தாளை எடுங்கள். கையிருப்பு குறைமட்டத்தைவிடக் குறைவாக உள்ளவை 102, 106. சரி. இப்போது எதிர்க் கேள்வி கேளுங்கள்: கையிருப்பு குறைமட்டத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ உள்ளவை எவை? 101, 103, 105. இரண்டையும் கூட்டினால் ஐந்து. பொருள்களோ ஆறு! சுருள்வில் எங்கே போயிற்று?

104-க்கு எதிரே உள்ள வெற்றிடத்தை எஸ்.க்யூ.எல். மொழியில் நல் என்பார்கள். நல் என்றால் பூச்சியம் அன்று. ‘தெரியாது’ என்று பொருள். தெரியாத ஓர் எண் 150-ஐவிடக் குறைவா? ‘ஆம்’ என்றும் சொல்ல முடியாது. ‘இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ‘தெரியாது’ என்பதே நேர்மையான விடை. ‘வேர்’ நிபந்தனையோ ‘ஆம்’ என்று உறுதியாகச் சொல்லும் வரிகளை மட்டுமே உள்ளே விடும். ஆகவே சுருள்வில் இரண்டு பட்டியலிலும் இடம் பெறவில்லை. கணிப்பொறி தவறு செய்யவில்லை. நாம்தான் பாதிக் கேள்வி கேட்டோம்.

அப்படியானால் வெற்றிடத்தில் பூச்சியம் போட்டுவிட்டால் என்ன? அது வேறு வகைப் பொய். எண்ணாத பெட்டியில் 500 சுருள்வில் இருக்கக்கூடும். ‘ஒன்றுமே இல்லை’ என்று பட்டியல் கூவினால், வீணாக அவசரக் கொள்முதல் நடக்கும். தெரியாததைத் தெரியாது என்று வைத்திருப்பதே சிறந்தது. ஆனால் அதையும் கேட்க வேண்டும். கேள்வியின் இறுதியில் இப்படிச் சேர்ப்போம்:

ஆர் கையிருப்பு இஸ் நல்

‘அல்லது, கையிருப்பு எழுதப்படாமல் இருந்தால்’ என்பது பொருள். இப்போது விடை 102, 104, 106.

நான்காம் பள்ளம்: அமைதி

இதுதான் எல்லாவற்றிலும் ஆழமானது. சி.எல். நிரலில் ஒரு கட்டளை தோற்றால், கணிப்பொறி பிழைச் செய்தி ஒன்றை எழுப்பி நிரலை நிறுத்தும். பல பிழைச் செய்திகள் சி.பி.எஃப். என்ற மூன்று எழுத்துகளுடன் தொடங்கும். பழைய சிஸ்டம்/38-இன் இயக்க அமைப்புக்குப் பெயர் கன்ட்ரோல் புரோகிராம் ஃபெசிலிட்டி. அந்தப் பெயரின் முதலெழுத்துகள், பாறையில் பதிந்த தொல்லுயிர் எச்சம் போல இன்றும் அப்படியே இருக்கின்றன.

இரவில் நிரல் நின்றுவிட்டால் எழுப்பிவிட ஆள் இல்லை. ஆகவே எம்.ஓ.என்.எம்.எஸ்.ஜி. என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். ‘இந்தப் பிழை வந்தால் நிற்காதே, இதைச் செய்’ என்பது அதன் பொருள். முதல் அடியில் ‘பழைய அட்டவணை இல்லையென்றால் பரவாயில்லை’ என்றோமே, அது இதனால்தான் முடிகிறது. நல்ல கருவி. ஆனால் சிலர் நிரலின் தலைப்பிலேயே ‘எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே’ என்று எழுதிவிடுவது உண்டு. அப்போது என்ன நேரும்?

ஒரு நாள் இரவு கிடங்குக் கோப்பை வேறொரு வேலை பூட்டி வைத்திருக்கிறது. நமது கேள்வி தோற்கிறது. நிரல் கண்டுகொள்ளாமல் முடிகிறது. காலையில் மேற்பார்வையாளர் அச்சுப்பொறியைப் பார்க்கிறார். தாள் இல்லை. ‘அப்பாடா, இன்றைக்கு எதுவும் குறையவில்லை’ என்று நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போகிறார். பத்து மணிக்குச் சுருள்வில் தீர்ந்துபோகிறது. இருக்கை செய்யும் வரிசை நிற்கிறது. சரக்கு ஏற்ற வந்த லாரி காத்துக்கிடக்கிறது. நாள் கூலிக்கு வந்தவருக்கு அரை நாள் வேலை போகிறது. அவர் உங்கள் ஊர் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம்.

இங்கே தவறு எங்கே? தாள் இல்லாமைக்கு இரண்டு பொருள் இருந்தது: ‘குறை எதுவும் இல்லை’ என்பது ஒன்று, ‘கேட்கவே முடியவில்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்தன. நல்ல நிரலில் அமைதிக்கு இடம் இல்லை. எல்லாம் நலமாக இருந்தாலும், நலம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

திருத்திய நிரல்

1. பழைய ‘குறை’ அட்டவணையை அழி. ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழையை மட்டும் பொறுத்துக்கொள்.
2. குறைவானவற்றையும் எண்ணப்படாதவற்றையும் கொண்டு ‘குறை’ அட்டவணையை உண்டாக்கு. எந்தப் பிழை வந்தாலும் ஐந்தாம் அடிக்குப் போ.
3. கிடங்குக் கோப்பில் எத்தனை பதிவுகள், ‘குறை’யில் எத்தனை என்று எண்ணு.
4. ‘பார்த்தவை 6, கவனிக்க வேண்டியவை 3’ என்று செய்தி அனுப்பு. வரிகள் இருந்தால் பட்டியலை அச்சிடு. நிரலை முடி.
5. ‘இன்றிரவு கேள்வி நடக்கவில்லை, கையால் சரிபார்க்கவும்’ என்று மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பு.

முன்பிருந்த நிரலைவிட ஓரிரு வரிகளே கூடுதல். ஆனால் இப்போது காலையில் செய்தி எதுவுமே வராவிட்டால், அதுவே எச்சரிக்கை: கணிப்பொறியே ஓடவில்லை, அல்லது நிரலே தொடங்கவில்லை. ‘பார்த்தவை 0’ என்று வந்தால், யாரோ கோப்பைக் காலி செய்துவிட்டார்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கடையில் நேரில் கேட்கும்போது, பருப்பு என்று சொல்ல வாய் தவறி உளுந்து என்றால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்து, ‘போன வாரம்தானே உளுந்து வாங்கினீர்கள்?’ என்பார். இரவில் ஓடும் நிரலுக்கு அப்படிக் கேட்பார் இல்லை. ஒரு முறை எழுதிய கேள்வி ஆயிரம் இரவுகள் கேட்கப்படும். அதில் பிழை இருந்தால் அதுவும் ஆயிரம் முறை நடக்கும். கேள்வியை எழுதும் அந்த ஒரு பகலில் மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

செய்து பாருங்கள்

1. நமது கேள்வியில் < என்பதற்குப் பதிலாக <= என்று போட்டால், ‘இஸ் நல்’ சேர்க்காத நிலையில் எந்தெந்த எண்கள் வரும்?

2. ‘கையிருப்பு குறைமட்டத்தைவிடக் குறைவு’ என்பதற்கு முன்னால் ‘நாட்’ (அல்ல) என்று சேர்த்துக் கேட்டால் சுருள்வில் பட்டியலில் வருமா?

3. உங்கள் பள்ளி நூலகப் பதிவேட்டில் இருபது வரிகளை ஓர் அட்டவணையாக எழுதுங்கள். திருப்பித் தர வேண்டிய தேதி சிலவற்றில் விடுபட்டிருக்கும். ‘தேதி கடந்தவை’, ‘தேதி கடக்காதவை’ என்று இரண்டு பட்டியல் எடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை இருபதா? இல்லையென்றால் விடுபட்டவை எவை என்று நூலகருக்குச் சொல்லுங்கள், அவர் மகிழ்வார்.

விடைகள்: 1. 102, 105, 106. 2. வராது. ‘தெரியாது’ என்பதை மறுத்தாலும் ‘தெரியாது’தான். 3. உங்கள் பதிவேடு உங்களுக்குச் சொல்லும்.